அழியாத நஞ்சும் கிராமத்தின் கணக்கும்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன சாலை, பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, தெருவிளக்கு ஆகியவை. இவை யாவும் கண்ணால் காணத்தக்கவை. சாலை கெட்டால் தெரியும். விளக்கு அணைந்தால் தெரியும். கிணறு வற்றினால் மறுநாளே பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் புகார் வந்துவிடும். ஆனால் காற்றிலும் மண்ணிலும் பாலிலும் ஒரு நஞ்சு வந்து சேர்ந்தால், அது நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அதனை அறிய அளந்து பார்ப்பது ஒன்றே வழி. அவ்வளவை எவ்வாறு எடுக்கிறார்கள், நம் நாட்டில் எடுத்த அளவைகள் எவற்றைக் காட்டியிருக்கின்றன, இவ்வேலையில் ஒரு கிராமப் பஞ்சாயத்துக்கு உரிய பங்கு யாது என்பனவற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூற விரும்புகிறோம்.

எவை இந்த நஞ்சுகள்?

அறிவியலார் இவற்றை ‘நிலைத்த கரிம மாசுகள்’ என்று அழைக்கின்றனர். டி.டி.டி., பி.எச்.சி., ஆல்டிரின், எண்டோசல்ஃபான் முதலிய பூச்சி மருந்துகள் இவற்றுள் ஒரு வகை. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பயன்பட்ட பி.சி.பி. என்னும் பொருள் இரண்டாவது வகை. எவரும் வேண்டுமென்று செய்யாமலே, குப்பை எரியும்போது தானாக உண்டாகும் டையாக்சின் மூன்றாவது வகை. வகைகள் வேறானாலும் குணங்கள் ஒன்றே.

முதற் குணம், எளிதில் அழியாமை. சாணமும் இலை தழையும் மண்ணில் மட்கி எருவாகின்றன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் செரித்துவிடுகின்றன. இந்த நஞ்சுகளையோ அவை எளிதில் செரிப்பதில்லை. இரண்டாவது குணம், நீரில் கரையாது கொழுப்பில் கரைதல். மாடு தின்ற தீவனத்தில் இந்நஞ்சு இருக்குமானால், அதில் ஒரு பகுதி உடற்கொழுப்பில் தங்கி, பின்னர்ப் பாலின் கொழுப்போடு வெளிவருகிறது. பாலைக் காய்ச்சுவதால் அது போய்விடுவதில்லை. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கினால், மோரில் குறைந்து நெய்யில் மிகுகிறது.

மூன்றாவது குணம், ஒன்றை ஒன்று தின்னும் உயிர்களின் வரிசையில் படிதோறும் பெருகுதல். 1960-களில் அமெரிக்காவின் கடற்கழி ஒன்றில் டி.டி.டி.யை அளந்து பார்த்தனர். நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களில் பத்து லட்சத்தில் 0.04 பங்கு இருந்தது. பெரிய மீன்களில் 2 பங்கு இருந்தது. அம்மீன்களைத் தின்னும் பறவைகளில் சுமார் 25 பங்கு இருந்தது. மனிதனும் இவ்வரிசையின் உச்சியில் இருப்பவனே; அவனுக்கும் மேற்படியில் இருப்பது தாய்ப்பால் அருந்தும் குழந்தை. நான்காவது குணம், நெடுந்தூரம் செல்லுதல். வெப்ப நாட்டில் ஆவியாகிக் காற்றில் ஏறும் நஞ்சு குளிர்ந்த நாட்டில் படிகிறது. கனடாவின் வடகோடியில், தொழிற்சாலையும் வயலும் இல்லாத பனிநிலத்தில், மீனும் கடல்விலங்கும் உண்டு வாழும் இனுவிட் மக்களின் தாய்ப்பாலை 1980-களில் அளந்தபோது, தெற்கே நகரங்களை அடுத்து வாழும் தாய்மாரிடம் இருந்ததைப் போலப் பல மடங்கு பி.சி.பி. இருக்கக் கண்டனர்.

நன்மையும் மறக்கத்தக்கதன்று

இம்மருந்துகளைப் பழித்துப் பேசுவது எளிது, அது நியாயமாகாது. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-ஆம் ஆண்டில் கண்டறிந்த பால் முல்லர் என்பவருக்கு 1948-இல் நோபல் பரிசு அளித்தனர். நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7½ கோடிப் பேர் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆளாயினர். சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர். 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்ததன் பயனாக, 1965-ஆம் ஆண்டு வாக்கில் நோய் கண்டவர் தொகை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. அம்மருந்து காத்த உயிர்கள் பல. வயலில் பி.எச்.சி. தூள் தூவிய உழவரும் அக்காலத்துக்கு எட்டிய அறிவின்படி, மலிவாகக் கிடைத்ததைக் கொண்டு தம் பயிரைக் காத்தனர். குறை அவர்களிடம் இல்லை. பயன் கண்ணுக்குத் தெரிந்தது. தீமை கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தீமையைத் தெரியவைத்தது அளவை.

அளப்பது எங்ஙனம்?

இங்கே அளக்க வேண்டிய அளவு மிகச் சிறியது. நூறு கோடியில் ஒரு பங்கு என்று ஆய்வுக்கூடத்தார் சொல்லுவர். பத்து டன் ஏற்றிய நெல் லாரிகள் நூறு வரிசையாக நிற்பதாகக் கருதுவோம். அந்த நெல் முழுவதிலும் ஒரே ஒரு கிராம் நஞ்சு கலந்திருந்தால், அதுவே நூறு கோடியில் ஒரு பங்கு. இங்கிலாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1957-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த ஒரு சிறு கருவி, குளோரின் அடங்கிய பொருள்களை இத்தகைய நுண்ணளவிலும் காட்டிக்கொடுத்தது. அதன் பின்னரே உலகெங்கும் மண்ணிலும் மீனிலும் பாலிலும் இந்நஞ்சுகள் பரவியிருப்பது வெளிப்பட்டது.

அளவை வெறும் எண்ணைத் தருவதோடு நிற்பதில்லை; அது காலத்தையும் காட்டும். டி.டி.டி. நாட்பட நாட்படச் சிதைந்து டி.டி.ஈ. என்னும் மற்றொரு பொருளாகிறது. ஓரிடத்து மண்ணில் டி.டி.ஈ. மிகுந்து டி.டி.டி. குறைந்திருந்தால், அது பழைய காலத்து எச்சம் என்று கொள்ளலாம். சிதையாத டி.டி.டி. மிகுந்திருந்தால், அண்மையில் யாரோ அதனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். தடை ஏட்டளவில் இருக்கிறதா, வயலளவில் இருக்கிறதா என்பதை இவ்வாறு மண்ணே சொல்லிவிடுகிறது.

பரங்கிப்பேட்டையில் கண்டது

வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருப்பதைப் பலர் அறிவீர்கள். 1980-களின் பிற்பகுதியில் அந்நிலையத்தாரும் ஜப்பான் நாட்டு எகிமே பல்கலைக்கழகத்தாரும் கூடி, வெள்ளாற்றுப் பகுதியின் காற்று, நீர், வண்டல், வயல்மண் ஆகியவற்றில் பி.எச்.சி.யையும் டி.டி.டி.யையும் அளந்தனர். வளரும் நாடொன்றின் வெப்பச் சூழலில் இந்நஞ்சுகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை உலகுக்கு முதன்முதல் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

வயலில் இவ்வளவு தூவுகிறார்களே, ஆற்றுவண்டலில் மலைபோல் குவிந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அளந்தபோது வண்டலில் எதிர்பார்த்த அளவு இல்லை. அப்படியானால் போட்ட மருந்து போன இடம் எது? நெல்வயலில் பி.எச்.சி.யை இட்டுச் சோதித்துப் பார்த்தனர். நம் நாட்டு வெயிலிலும் வயல்நீரின் வெதுவெதுப்பிலும், இட்ட மருந்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் காற்றில் ஏறிவிடுவதாகக் கணக்கிட்டனர். ஆற்றின் வழியே சென்றது ஒரு பங்குக்கும் குறைவு. நெற்பயிர்ப் பருவத்தில் காற்றிலுள்ள அளவு உயர்ந்ததையும் கண்டனர். உழவர் ஒருவர் தம் வயலில் இட்டதாக எண்ணியது, உண்மையில் ஊர்க் காற்றிலும் உலகக் காற்றிலும் கலந்தது. ‘என் வயல், என் மருந்து’ என்று எவரும் சொல்ல இயலாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேறில்லை.

பால் சொன்ன செய்தி

காற்றில் ஏறியது காற்றோடு போயிற்று என்றும் இருந்துவிட இயலவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 12 மாநிலங்களிலிருந்து 2,205 பால் மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்து, 1993-இல் முடிவை வெளியிட்டது. மாதிரிகளில் நூற்றுக்குச் சுமார் 82-இல் டி.டி.டி. எச்சம் இருந்தது. நூற்றுக்குச் சுமார் 37-இல் அனுமதிக்கப்பட்ட அளவையும் மிஞ்சியிருந்தது. பசு யாருடைய வயலிலும் மருந்து தெளிக்கவில்லை. தன் எஜமானர் இட்டதைத் தின்றது. சுற்றியுள்ள காற்றையும் நீரையும் கொண்டது. அதனைக் குழந்தைகளின் கிண்ணத்தில் ஒப்படைத்தது.

இத்தகைய அளவைகள் பெருகப் பெருகச் சட்டமும் மாறியது. 1989-இல் உழவுத்தொழிலில் டி.டி.டி.யின் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் சர்க்காரின் மேற்பார்வையில் அனுமதிக்கப்பட்டது. 1997-இல் பி.எச்.சி. தடைசெய்யப்பட்டது. 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, முதலில் 12 நஞ்சுகளைக் குறித்து, அவற்றை ஒழிக்கவும் குறைக்கவும் உறுதி பூண்டன. அது 2004-இல் நடைமுறைக்கு வந்தது. 2006 ஜனவரியில் இந்தியா அதனை ஏற்று உறுதிசெய்தது. பின்னர் வேறு பல நஞ்சுகளும் அப்பட்டியலில் சேர்ந்தன.

அவ்வுடன்படிக்கை நிறைவேறுகிறதா என்று அறிய உலகத்தார் முக்கியமாக இரண்டைக் கண்காணிக்கின்றனர்: ஒன்று காற்று, மற்றொன்று தாய்ப்பால் அல்லது மனித இரத்தம். காற்றை அளக்க மின்சாரம் வேண்டாத எளிய கருவி உண்டு. இரண்டு எஃகுக் கிண்ணங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் வைத்து, நடுவே நுரைப்பஞ்சு வட்டு ஒன்றைத் தொங்கவிடுகின்றனர். சுமார் மூன்று மாதம் காற்றுப்பட்ட பின் வட்டினை எடுத்து ஆராய்கின்றனர். மின்வசதி குறைந்த நாடுகளுக்கு ஏற்ற முறை இது. தாய்ப்பாலுக்கு, முதற்குழந்தை பெற்ற 50 தாய்மாரிடம் அவர்கள் சம்மதத்துடன் சிறிது சிறிதாகப் பெற்று, ஒன்றாகச் சேர்த்து அளக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லுவது நம் கடமை. இச்செய்தியைக் கேட்டுத் தாய்ப்பால் கொடுப்பதை எவரும் நிறுத்தலாகாது. அதன் நன்மை இந்தத் தீமையைக் காட்டிலும் மிகப் பெரிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. சீர்செய்ய வேண்டியது தாயின் பாலை அன்று; தாய் வாழும் ஊரை.

இன்றைய ஆபத்து: எரியும் குப்பை

மருந்துகள் தடைசெய்யப்பட்டன, இனிக் கவலையில்லை என்று எண்ணுவது தவறு. டையாக்சின் என்னும் நஞ்சைக் கடையில் விற்பவர் எவருமில்லை. அதனைத் தடைசெய்யக் கடையும் இல்லை. குளோரின் அடங்கிய பிளாஸ்டிக் பொருள்கள் திறந்த வெளியில் புகைந்து எரியும்போது அது பிறக்கிறது. செம்பு எடுப்பதற்காக உறையோடு மின்கம்பியை எரிக்கும் இடத்தில் செம்பே அதன் பிறப்பை விரைவுபடுத்துகிறது. முறையான எரிஉலையில் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்பது விதி. தெருவோரக் குப்பை அவ்வாறு எரிவதில்லை, அது புகைகிறது.

சென்னையை அடுத்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கை இதற்குச் சான்றாகக் கூறலாம். இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் திறந்த கிடங்குகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கிடங்கு மண்ணில் டையாக்சின் இருப்பது காட்டப்பட்டது. 2004-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பெருங்குடிக் கிடங்கை அடுத்து வாழ்ந்த தாய்மாரின் பாலில் அந்நஞ்சு மிகுந்திருப்பது தெரியவந்தது. அது எவ்வழியே சென்றது? கிடங்கிற்கு அருகில் வளர்ந்த பசுக்களின் பாலிலும் அது மிகுந்திருந்தது. பசும்பாலின் வழியாகவே அது தாய்மாரை அடைந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். குப்பை எரிகிறது, சாம்பல் படிகிறது, பசு மேய்கிறது, வீட்டார் பாலருந்துகின்றனர், தாயின் உடலில் தங்கியது குழந்தையை அடைகிறது. இந்நஞ்சு பாதியளவாகக் குறைவதற்கே மனித உடலில் 7 முதல் 11 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நம் ஊர் எல்லையில் எழும் புகை, நாளை பள்ளிக்குச் செல்ல இருக்கும் குழந்தையின் உடலில் இருப்பாகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு எட்டாதது

இவ்வளவும் ஆய்வுக்கூடத்தார் செய்ய வேண்டியதன்றோ, பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த உரையின் கருத்தே அதற்கு விடையாகும்.

நம்மைப் போன்ற வளரும் நாட்டில் இத்தகைய சோதனைக்குச் செலவு மிகுதி. கருவியும் பயின்ற ஆட்களும் குறைவு. எல்லாக் கிராமங்களிலும் ஆண்டுதோறும் மாதிரி எடுக்க இயலாது. எடுத்த மாதிரியும், அதன் வரலாறு தெரியாவிட்டால், ஊமையாகவே இருக்கும். இந்த மண் எந்த வயலிலிருந்து வந்தது? அங்கு எந்த ஆண்டில் எந்த மருந்து இட்டார்கள்? இந்தப் பசு எங்கே மேய்ந்தது? இந்தக் குளத்தின் கரையில் எப்போது குப்பை எரிந்தது? இவற்றைக் கருவி சொல்லாது. ஊர்தான் சொல்ல வேண்டும். ஊரும் நினைவை மட்டும் நம்பினால், பத்தாண்டில் அது மறந்துவிடும்.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களின்மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் மருந்தை வானிலிருந்து தெளித்தனர். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அது நின்றது. குழந்தைகளின் நோயையும் குறைபாடுகளையும் முதலில் கண்டு சொன்னவர்கள் அவ்வூர் மக்களும் உள்ளூர் மருத்துவர்களும் ஆவர். தெளிப்பு நின்று 10 மாதங்கள் கழிந்த பின்னும் பள்ளிச் சிறுவர்களின் இரத்தத்தில் அம்மருந்து இருப்பதை அளவை காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தெளிக்காத வேறோர் ஊரைத் தேட வேண்டியிருந்தது. 2011-ஆம் ஆண்டில்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அம்மருந்துக்குத் தடை விதித்தது. இதற்கிடையில் கழிந்த ஆண்டுகள், தெளித்த நாள், தெளித்த அளவு, ஊரின் உடல்நிலை ஆகியவற்றைப் பஞ்சாயத்துக்கள் தொடக்க முதலே எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ குறைந்திருக்கும் என்று கருதுகிறோம்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

முதலாவது, நஞ்சுக் கணக்கு ஒன்று தொடங்குவது. வரிக் கணக்கும் வேலைக் கணக்கும் வைப்பது போல, பஞ்சாயத்து அலுவலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு இருக்கட்டும். எந்தப் பகுதியில், எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில், என்ன மருந்து, எவ்வளவு இட்டனர் என்பது அதில் ஏறட்டும். மீன் செத்து மிதந்ததும், கறவை மாடு கன்று வீசியதும், குப்பை எரிந்த இடமும் நாளும் ஏறட்டும். இது எவரையும் தண்டிப்பதற்கான கணக்கு அன்று என்பதை ஊராருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அச்சம் இருக்குமிடத்தில் உண்மையான கணக்கு ஏறாது.

இரண்டாவது, பழைய மருந்துகளைத் தேடுவது. வீட்டுப் பரணிலும் களத்துக் கொட்டகையிலும் பெயர்ச்சீட்டு உதிர்ந்த பழைய டப்பாக்களும் மூட்டைகளும் இருக்கக்கூடும். அவற்றைப் புதைப்பதோ, கிணற்றில் கொட்டுவதோ, எரிப்பதோ கூடாது. எங்கெங்கே எவை உள்ளன என்று பட்டியல் எடுத்து, மழை படாமல் பூட்டிவைத்து, வேளாண்மைத் துறை அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை. மருந்து இருந்த பாத்திரத்தில் தண்ணீரோ தானியமோ எண்ணெயோ வைக்கலாகாது.

மூன்றாவது, திறந்த வெளியில் குப்பை எரிப்பதை அடியோடு நிறுத்துவது. மட்கும் குப்பை எருக்குழிக்குச் செல்லட்டும். பிளாஸ்டிக், கம்பி, பழைய மின்பொருள்கள் தனியே பிரிந்து, அவற்றை முறையாகப் பெற்றுக்கொள்வோரிடம் சேரட்டும். குப்பை சேர்க்கும் தூய்மைக் காவலர்கள் தீக்குச்சி கிழிக்கக் காரணம், குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லாமையே. இடத்தை அமைத்துத் தருவது பஞ்சாயத்தின் பொறுப்பு.

நான்காவது, குப்பைமேட்டில் கால்நடை மேயாமல் தடுப்பது. சுற்றி வேலி போடுவதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் காக்கப்படும் பால் ஊர் முழுவதுக்கும் உரியது.

ஐந்தாவது, மின்மாற்றியிலிருந்து ஒழுகும் எண்ணெயை எவரும் எந்தப் பயனுக்கும் எடுக்காமல் பார்த்துக்கொண்டு, ஒழுக்கு உண்டானதை மின்வாரியத்தாருக்கு உடனே அறிவிப்பது. பி.சி.பி. பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-இல் ஆணையிட்டது. ஆணை வந்தபோதிலும், பழைய எண்ணெயில் எது கலந்துள்ளது என்பதைப் பார்வையால் அறிய இயலாது.

ஆறாவது, மாதிரி எடுக்க வருவோருக்குத் துணை நிற்பதும், முடிவைக் கேட்டுப் பெறுவதும். மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியில் எடுக்காமல் தூய்மையான கண்ணாடிக் குப்பியில் எடுக்கிறார்களா, நாளும் இடமும் எழுதுகிறார்களா, குளிர்ச்சியில் வைத்துக் கொண்டுசெல்கிறார்களா என்று அங்கத்தினர்கள் உடனிருந்து பார்க்கலாம். நம் ஊர் மண்ணையும் பாலையும் கொடுத்துவிட்டு, முடிவு என்னவென்று கேட்காமல் இருப்பது அறமாகாது. ‘எங்கள் கிராமசபைக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வந்த முடிவைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தால், அடுத்த தலைவருக்கும் அது பயன்படும்.

நண்பர்களே, இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, ஓர் ஒழுங்கு ஆகியவை போதும். நம் முன்னோர் ஏரியின் நீர்மட்டத்தையும் மதகின் முறையையும் கணக்காகக் காத்தனர். அக்கணக்கினால் கடைமடை வயலும் விளைந்தது. இன்று நம் காலத்துக்கு ஏற்பட்டுள்ள புதிய கணக்கு இது. இதன் கடைமடையில் நிற்பது வயல் அன்று, பால் குடிக்கும் குழந்தை.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இக்குறிப்பேட்டைத் தொடங்குவதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று ஒவ்வொரு பஞ்சாயத்தையும் கேட்டுக்கொள்கிறோம். முதற்பக்கத்தில், ஊரில் இப்போது பயன்படும் மருந்துகளின் பெயர்களையும், குப்பை எரியும் இடங்களையும் எழுதுங்கள். அந்த ஒரு பக்கமே நல்ல தொடக்கமாகும்.